படகுக்காரியின் கை

பர்ஸ்லம்,
14 செப்டம்பர் 1884

என் அருமைத் தம்பி ஆம்புரோஸுக்கு,

அக்கா ஹெஸ்டர் எழுதுகிறேன். நானும் உன் அத்தான் ஜோப்பும் கர்த்தர் கிருபையால் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீ லண்டனில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன கடிதத்தில் உன் கையெழுத்து மெலிந்து கிடந்தது. ஆளும் அப்படித்தான் இருப்பாய் என்று ஜோப்பிடம் சொன்னேன். "எழுத்தைப் பாத்து எடை போடுற ஒரே பொம்பள நீதான்" என்று சிரிக்கிறார்.

உன் பெட்டி மூன்று வாரம் முன்பு ரயிலில் எங்கள் பீங்கான் பட்டறைக்கு வந்தது. மேனேஜர் ட்விக் நின்று பார்க்க, ஆணியைப் பிடுங்கி வைக்கோலை விலக்கினார்கள். உள்ளே நீ செய்த படகுக்காரி! கால்வாய்க் கரையில் நின்று, காலடியில் குழந்தையோடு, வலது கையை நேராக நீட்டித் தூரத்துப் படகைக் கூப்பிடுகிறாள். அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். "அட, இது நம்ம பாலத்தடி மார்த்தா மாதிரியே இருக்காளே!" என்றார் அச்சுக்காரர் லெவி. "மார்த்தாவா? அவ இவ்வளவு நேரம் வாய மூடிக்கிட்டு நிப்பாளாக்கும்!" என்றாள் என் பக்கத்து மேசைக்காரி. ஒரே சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை, கிட்டப் போய் அவளைத் தொட்டுப் பார்த்தேன்.

லெவி வழக்கம்போல இரக்கமில்லாமல் அவளை ஒன்பது துண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் அச்சு எடுத்துவிட்டார். அச்சில் களிமண் குழம்பை ஊற்றி எடுத்த தலை, கை, உடம்பை எல்லாம் ஒட்டி மறுபடி ஆளாக்குவது என் மேசை வேலை. இருபத்திரண்டு வருஷமாக யார் யாரோ செய்த பொம்மைகளுக்குக் கைகால் ஒட்டியிருக்கிறேன். இங்கே பொம்மையின் அடியில் பட்டறை முத்திரைதான் இருக்கும், செய்தவன் பேர் இருக்காது என்பது உனக்குத் தெரியும். உன் பேரைக் கீறிக்கொள்ள மட்டும் ட்விக் சம்மதித்திருக்கிறார். முதலில் ஒட்டி முடித்த எட்டுப் பொம்மைகளிலும் நானே என் கையால் கீறினேன்.

செவ்வாய்க்கிழமை சூளைக்குப் போகிறாள். உள்ளே அடுக்குவது உன் அத்தான். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
ஹெஸ்டர்

~

லண்டன், செல்சி,
28 செப்டம்பர் 1884

அன்பான அக்காவுக்கு,

ஆம்புரோஸின் வணக்கம். உன் கடிதம் வந்த அன்று ஆட்டுக்கறி வாங்கிச் சாப்பிட்டேன், போதுமா? அத்தானின் இருமல் எப்படி இருக்கிறது? அதைப் பற்றி நீ எழுதவே இல்லை.

என் பேரை நீ கீறினாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் உளியைக் கீழே வைத்துவிட்டேன். பதின்மூன்று வயதில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டப் போனவன் நான். என்னை இழுத்துக்கொண்டு போய் மாலைக் கலைப்பள்ளியில் சேர்த்தது நீ. "பொட்டப்புள்ள மாதிரி பூப்போடக் கத்துக்கப் போறியா?" என்று தெருவே கிண்டல் செய்தபோது, "ஆமா, உங்க வீட்டு ஜாடியில இருக்கிற பூ என்ன தானா முளைச்சதா?" என்று கேட்டவள் நீ. எனக்குத் துணைக்கு என்று வந்து நீயும் உட்கார்ந்தாய். நீ மண்ணில் செய்த பழக்கூடையைப் பார்த்து மாஸ்டர் என்னைத்தான் பாராட்டினார், நினைவிருக்கிறதா? உன்னுடையது என்று சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. பிறகு எனக்கு உதவித்தொகை, லண்டன் படிப்பு எல்லாம் வந்தன. உனக்குக் கல்யாணம் வந்தது. இதையெல்லாம் நான் மறக்கவில்லை, அக்கா. மறந்தால் என் கை விளங்காது.

படிப்பு முடிந்து ஆறு வருஷமாக ஒரு பெரிய சிற்பியின் கொட்டிலில் செத்துப்போன ஜெனரல்களுக்குச் சலவைக்கல்லில் பொத்தான் செதுக்குகிறேன். முகமெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். பொத்தான் என்னுடையது. என் பேரில் வெளியே வருவது இந்தப் படகுக்காரிதான் முதல்.

இப்போது கேள். வடக்கே ஒரு நகரத்துக்காரர்கள் தங்கள் பூங்கா நீரூற்றுக்குக் கல்லில் ஒரு பெண்ணுருவம் வேண்டும் என்று சிற்பி தேடுகிறார்கள். அந்தக் கமிட்டி நவம்பரில் இங்கே உங்கள் பட்டறை கலந்துகொள்ளும் கண்காட்சிக்கு வருகிறது. படகுக்காரி அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எனக்குச் சொந்தமாக ஒரு கொட்டில். பிடிக்காவிட்டால் சாகிறவரை பொத்தான்தான்.

சூளையிலிருந்து எப்படி வந்தாள்? உடனே எழுது.

நன்றியுள்ள தம்பி,
ஆம்புரோஸ்

~

பர்ஸ்லம்,
26 அக்டோபர் 1884

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஜோப்பின் இருமல் தேவலை. பனி இறங்கினால் மறுபடி தலைதூக்கும். நீ கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்தாயா?

உன் படகுக்காரி நல்லபடியாக வந்துவிட்டாள். எட்டில் ஏழு தேறியது. விரிசல் இல்லை, கோணல் இல்லை. ஏழில் நல்லதாக ஒன்றை நேற்று கண்காட்சிக்கு அனுப்பினார்கள். நீ போய்ப் பார்ப்பாய். பார்த்ததும் சட்டென்று எதுவும் பேசிவிடாதே. நின்று பார், பிறகு ஒரு சுற்றுச் சுற்றி வந்து இன்னொரு தரம் பார்.

வேறு விசேஷமில்லை. சபையில் அறுப்புப் பண்டிகைக்கு யாரோ கொண்டுவந்த பூசணி உருண்டு போதகர் காலில் விழுந்துவிட்டது. அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை வேதத்தில் இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. லெவி உன்னை விசாரித்தார்.

கர்த்தர் உனக்கு நல்ல வழி காட்டட்டும்.

அக்கா,
ஹெஸ்டர்

~

லண்டன்,
9 நவம்பர் 1884

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட இப்போது என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

நேற்று கண்காட்சி திறந்தது. என் பேர் எழுதிய அட்டைக்கு மேலே நிற்கிறவள் யார்? நான் நீட்டிய கை எங்கே? என் படகுக்காரி கூப்பிடுகிறாள், அக்கா! அவள் கையிலிருந்து குரல் கேட்க வேண்டும் என்று பதினோரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இங்கே நிற்கிறவளின் கை முழங்கையில் மடங்கி, கீழே இறங்கி, குழந்தையின் தலையைப் பிடித்து இடுப்போடு அழுத்திக்கொண்டிருக்கிறது. எவனோ என் சிலையின் கையை வெட்டிவிட்டு வேறு கை ஒட்டியிருக்கிறான்! உன்னிடம் வருவதற்கு முன்னாலேயே அச்சில் மாற்றிவிட்டார்களா? "சட்டென்று பேசாதே" என்று நீ எழுதினாயே, உனக்குத் தெரிந்திருக்கிறது. பாவம், உன்னால் என்ன செய்ய முடியும்.

நான் சும்மா விடப்போவதில்லை. ட்விக்குக்கு நேற்றே எழுதிப் போட்டுவிட்டேன். ஒரு சிற்பியைக் கேட்காமல் அவன் சிலையில் கைவைத்தவன் யார் என்று விசாரிக்க வேண்டும், அவனை அன்றைக்கே வெளியே அனுப்ப வேண்டும், இனி நான் செய்தது செய்தபடியே சூளைக்குப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் கோர்ட்டுக்குப் போவேன் என்றும் எழுதினேன்.

அந்தக் கையை ஒட்டியவன் யார் அக்கா? உனக்குத் தெரிந்தால் சொல்.

ஆம்புரோஸ்

~

பர்ஸ்லம்,
30 நவம்பர் 1884

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். உன் கோபம் இந்நேரம் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மேனேஜர் ட்விக் உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே பட்டறையில் விசாரித்தார். செய்தவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சனிக்கிழமையோடு அனுப்பிவிட்டார்கள். நீ கேட்டபடியே எல்லாம் ஆயிற்று. பேர் கேட்காதே. முடிந்துபோனதைக் கிளறி என்ன ஆகப்போகிறது?

பட்டறை வேலையைப் பற்றி எழுதப் புதிதாக ஒன்றுமில்லை. நான் இப்போது காலையில் ஓட்ஸ் அடை சுடுகிறேன். முன்ஜன்னலைத் திறந்துவைத்தால் வேலைக்குப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள். "ஹெஸ்டர் அடையில ஓட்டையே இல்ல, வெண்ணெய் ஒழுகாது" என்று பேர் வாங்கிவிட்டேன், பார்த்துக்கொள். இரண்டு அடையைத் துணியில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். வந்து சேரும்போது செருப்புத் தோல் மாதிரி இருக்கும், அனலில் காட்டிச் சாப்பிடு.

கிறிஸ்துமஸுக்கு வரமுடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த வருஷம் பெரிதாக ஒன்றும் செய்யப்போவதில்லை.

அக்கா,
ஹெஸ்டர்

~

லண்டன்,
18 ஜனவரி 1885

என் பிரியமான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

புத்தாண்டு உங்களுக்கு நல்லதாக இருக்கட்டும். அடை வந்தது. செருப்புத் தோல் தோற்றது, ஆனால் ருசியில் குறையில்லை. வேலை நெருக்கடியில் கிறிஸ்துமஸுக்கு வரவில்லை என்று சொன்னால் நம்புவாயா? நம்பாதே. வர வெட்கமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

படகுக்காரிக்குப் பதக்கம் கிடைத்திருக்கிறது!

நடுவர்களில் ஒரு வெண்தாடிக்காரர் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு சொன்னார்: "இவள் பார்வை படகின்மேல் இருக்கிறது. கையோ குழந்தையைத் தேடிப் போகவில்லை, தானாகவே அங்கே இருக்கிறது. தண்ணீர்க் கரையில் பிள்ளை வளர்த்தவளுக்குத்தான் இந்தக் கை தெரியும். பதக்கம் இந்தக் கைக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "எப்படி ஐயா தோணிச்சு உமக்கு?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நான் கால்வாய்க் கரையில வளர்ந்தவன்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்குப் பதிலுமில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

நீ சொன்னபடி அன்றே நின்று இரண்டாம் தரம் பார்த்திருக்க வேண்டும். இப்போது பார்க்கிறேன். அந்தக் கை என்னுடையதைவிட நல்ல கை, அக்கா. நான் ஒரு பெண்ணை வைத்து ஒரு சைகை செய்தேன். அந்த ஆள் ஒரு பெண்ணைச் செய்துவிட்டான்.

நீரூற்றுக் கமிட்டிக்காரர்கள் இதே உருவத்தை இதே கையோடு கல்லில் கேட்கிறார்கள். மார்ச் பத்தாம் தேதி முடிவு சொல்வார்கள். ஏறக்குறைய எனக்குத்தான் என்கிறார்கள். உனக்கு ஒரு கம்பளிச் சால்வை அனுப்பியிருக்கிறேன். இது ஆரம்பம்தான், நீ செய்ததற்கெல்லாம் ஈடு கட்ட எனக்கு ஆயுசு போதாது.

அந்த ஆளுக்கு வேறு பட்டறையில் இடம் கிடைத்ததா? என் கடிதத்தால் ஒருவன் பிழைப்பு போயிற்றே என்று உறுத்துகிறது.

உன் தம்பி,
ஆம்புரோஸ்

~

பர்ஸ்லம்,
1 பிப்ரவரி 1885

என் தங்கத் தம்பிக்கு,

பதக்கம்! கடிதத்தை ஜன்னலடியில் நின்று படித்தேன். அடை கல்லில் கருகிவிட்டது. வரிசையில் நின்ற சுரங்கக்காரர் ஒருவர், "என்ன ஹெஸ்டர், இன்னைக்குக் கரியவே நீ விக்கிறியா?" என்றார். அவருக்கு ஒரு அடை சும்மா கொடுத்தேன். அன்று வந்த எல்லாருக்கும் செய்தியைச் சொன்னேன். நம் அப்பா இருந்திருந்தால் வீதியில் ஆடியிருப்பார். கர்த்தருக்கு நன்றி, உனக்கு நன்றி.

அந்த வெண்தாடிக்காரர் சொன்னதை எட்டு முறை படித்தேன்.

அந்த ஆளுக்கு ஒரு குறையுமில்லை. சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது. நீ அதைப் போட்டு மனதைக் குழப்பிக்கொள்ளாதே. கமிட்டிக்காரர்கள் கேட்டால், ஆட்டிய தலை ஆட்டியதாகவே இருக்கட்டும். மார்ச் பத்து வரை வாயைத் திறக்காதே. நான் சொல்வதைக் கேள்.

சால்வை கதகதப்பாக இருக்கிறது.

அக்கா,
ஹெஸ்டர்

~

பர்ஸ்லம்,
22 பிப்ரவரி 1885

மச்சான் ஆம்புரோஸுக்கு,

ஜோப் எழுதறேன். எனக்குக் கடிதாசி பழக்கம் இல்ல, வாயில வர்ற மாதிரியே எழுதறேன். நான் எழுதினது உங்க அக்காவுக்குத் தெரிஞ்சா என்னையும் அடைக்கல்லுல போட்டுப் புரட்டிருவா. அவ தேவாலயத்துக்குப் போயிருக்கா. எனக்கு இருமல்னு சொல்லிட்டு வீட்டுல உக்காந்துட்டேன். இருமல் உண்மையும்தான்.

அந்தக் கை ஹெஸ்டரோட கை, மச்சான்.

நீ பர்ஸ்லத்துல பொறந்தவன்தானா? சூளைக்குள்ள களிமண் வேகுறப்ப இளகும்னு உனக்கு மறந்துபோச்சா? கல்லுல நீட்டின கை நீட்டினபடி நிக்கும். மண்ணுல நீட்டினா வெண்ணெய் மாதிரி தொங்கிரும். முதல் சூளையில எட்டும் போச்சு. ரெண்டாவது தரம் முட்டு வச்சுப் பாத்தோம், தோள்பட்டையில விரிஞ்சு போச்சு. ட்விக் என்ன சொன்னான் தெரியுமா? "இன்னும் ஒரு சூளைதான். அதுவும் போனா இந்தப் பொம்மையும் வேணாம், அந்த லண்டன் துரையும் வேணாம்." கண்காட்சிக்கு மூணு வாரம் இருந்துச்சு.

உங்க அக்கா ரெண்டு நாள் சோறு தண்ணி இல்லாம யோசிச்சா. அப்புறம் முழங்கையோட வெட்டிட்டு, புதுசா ஒரு கை பிடிச்சா. முட்டு வேணாம், அது குழந்தை தலைமேலயே தாங்கி நிக்கும். லெவி சத்தமில்லாம அச்சு எடுத்துக் குடுத்தாரு. நான் அடுக்கினேன். சூளை திறந்தப்ப ஏழு முழுசா நின்னுச்சு. நாங்க மூணு பேரும் அழுதோம், சூளைச் சூடுன்னு சொல்லிக்கிட்டோம். ட்விக் எண்ணிக்கையத்தான் பாத்தான், கையப் பாக்கல.

அப்புறம் உன் கடிதாசி வந்துச்சு. ட்விக் அதை ஆட்டிக்கிட்டே எங்க பட்டறைக்குள்ள வந்தான். லெவி மேல பழி விழுந்துரும்னு இவ எழுந்து ஒத்துக்கிட்டா. ஒட்டுற பொம்பள சிற்பியோட வேலையத் தொடலாமான்னு சனிக்கிழமையோட கணக்கை முடிச்சுட்டான். அடை சுடுறது ஆசைக்கு இல்ல மச்சான், பொழப்புக்கு.

இப்ப சிரிக்கிற விஷயம் ஒண்ணு சொல்றேன். "சிற்பி செய்தபடியே" வேணும்னு நீ கேட்டியா, ட்விக்கும் கோர்ட்டுக்குப் பயந்து அப்படியே நாப்பத்தெட்டு செய்யச் சொன்னான். போன வாரம் சூளையத் திறந்தோம். நாப்பத்தெட்டுப் பொம்பளைங்களும் தரையில விழுந்த ஊசியத் தேடுற மாதிரி கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறாளுங்க! ட்விக் மூஞ்சியப் பாக்கணுமே. பதக்கம் வாங்கினதுல இருந்து கடைக்காரங்க எல்லாம் அந்தக் கையத்தான் கேக்குறாங்க. ஹெஸ்டர் கையோட அச்சை அவன்தான் அப்பவே உடைக்கச் சொல்லிட்டானே. வேற யாரோ செஞ்சு பாத்தாங்க. அந்தம்மா குழந்தை தலையத் திருகுற மாதிரி இருக்கு.

உன்மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்ப கொஞ்சம்தான் இருக்கு. நீ என்ன செய்யணும்னு நான் சொல்ல மாட்டேன். மார்ச் பத்துக்கு முன்னால உனக்குத் தெரியவே கூடாதுங்கறது அவளோட உத்தரவு. நான்தான் மீறிட்டேன்.

ஜோப்

~

லண்டன்,
14 மார்ச் 1885

அக்கா,

நீ நலமா என்று கேட்க எனக்கு வாயில்லை. ஆனாலும் கேட்கிறேன். நலமா? காலையில் எழுந்து அந்த அனலில் நிற்கும்போது கை வலிக்கிறதா?

அத்தான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே, உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நான் உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. உன்னிடம் பொய் சொல்லப்போவதில்லை. அந்தக் கடிதத்தைப் பதினான்கு நாள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பத்தாம் தேதி தாண்டட்டும், கொட்டில் கைக்கு வரட்டும், பிறகு அக்காவுக்கு வேண்டியதைச் செய்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீயும் அதைத்தானே சொன்னாய்? எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பத்தாம் தேதி கமிட்டி முன்னால் போய் உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். அதில் எழுதியிருந்தது: "கை அமைந்த விதம் மாறாமல், சிற்பியின் சொந்தக் கற்பனைப்படி." பேனாவை எடுத்தேன். என்னால் முடியவில்லை, அக்கா. "இந்தக் கை என் அக்கா செய்தது. பர்ஸ்லத்தில் பொம்மை ஒட்டுகிறவள். அதற்காக நான்தான் அவள் வேலையைப் பறித்தேன்" என்று சொன்னேன். தலைவர், "அப்படீன்னா நீர் எங்களை ரெண்டு மாசமா ஏமாத்தியிருக்கீர்" என்றார். ஆமாம் என்றேன். நீரூற்று வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் நல்ல சிற்பிதான். நான் பொத்தானுக்குத் திரும்பிவிட்டேன்.

பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அந்த வெண்தாடிக்காரர் வாங்கவில்லை. "கைக்குன்னு சொல்லித்தானே கொடுத்தோம்? கைக்காரிகிட்ட கொண்டுபோய்க் கொடும்" என்றார். இத்துடன் பதிவுத் தபாலில் வருகிறது.

பட்டறை முதலாளிக்கும் எழுதிவிட்டேன். படகுக்காரியின் அடியில் உன் பேரும் கீறாமல் இனி ஒன்றுகூட வெளியே போகக்கூடாது, உனக்குச் சிற்பிகள் அறையில் மேசை கொடுக்காமல் இனி என்னிடமிருந்து ஒரு பொம்மையும் வராது என்று. கேட்பார்களோ என்னவோ.

நீ என்னைச் சிற்பியாக்கினாய். நான் உன்னை ஜன்னலில் அடை விற்க வைத்தேன். அப்போதும் நீ எனக்கு அடை அனுப்பினாய். நன்றி என்ற சொல்லை இத்தனை கடிதத்தில் எத்தனை சுலபமாக எழுதியிருக்கிறேன்! இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது. மன்னித்துவிடு அக்கா.

ஆம்புரோஸ்

~

பர்ஸ்லம்,
29 மார்ச் 1885

என் தம்பிக்கு,

நாங்கள் நலம். கை வலிக்கவில்லை. ஜோப்பைத் திட்டினேன், மூன்று நாள் திட்டினேன், நாலாம் நாள் அவருக்குப் பிடித்த வெங்காயக் கறி வைத்துக் கொடுத்தேன்.

உன்னையும் முதலில் திட்டிவிடுகிறேன். முட்டாளே! ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் உனக்குக் கொட்டில். யார் கேட்டார்கள் உன்னை? கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீரூற்று போனதே என்று அழுதேன், என் தம்பி இப்படிப்பட்டவனா என்றும் அழுதேன். இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது நடந்ததைக் கேள். போன புதன்கிழமை காலையில் ஜன்னலில் வரிசை நின்றது. கடைசியில் ஒரு உயரத் தொப்பி. பார்த்தால் மேனேஜர் ட்விக்! வரிசையில்தான் நின்றார், யாரும் வழிவிடவில்லை. முறை வந்ததும், "ரெண்டு அடை" என்றார். கொடுத்தேன். போகாமல் நின்றார். "முதலாளி சொல்லி அனுப்பினார், ஹெஸ்டர். சிற்பிகள் அறையில மேசை போட்டிருக்கு. திங்கக்கிழமை வரமுடியுமா?" என்று முணுமுணுத்தார். பின்னால் நின்ற மார்த்தா, "சத்தமாச் சொல்லும் ஐயா, துரத்தினப்ப மட்டும் கால்வாய் வரைக்கும் கேட்டுச்சே!" என்றாள். பாவம், அவர் மறுபடி சத்தமாகச் சொன்னார். வரிசை முழுவதும் ஆரவாரம். அடைக்கு நான் காசு வாங்கவில்லை. அவர் வைத்துவிட்டுத்தான் போனார்.

நாளைக்குப் போகிறேன். அந்த அறையில் இதுவரை பெண் உட்கார்ந்ததில்லை. நடுவில் ஒரு திரை தொங்கவிட்டிருக்கிறார்களாம், ஆண்களுக்குக் கூச்சமாம். நான் கடிக்கமாட்டேன் என்று லெவியிடம் சொல்லியனுப்பியிருக்கிறேன். அடியில் நம் இருவர் பேரையும் கீற ஒத்துக்கொண்டுவிட்டார்கள். உன் பேர் முதலில் இருக்கும், சண்டைக்கு வராதே. அவளை நிற்கவைத்தவன் நீ.

நீ மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன்னைக் கேட்டு எழுத எனக்கு நேரமிருந்தது. தபால் இரண்டு நாளில் போய்ச்சேரும். கேட்டால் நீ வேண்டாமென்பாய் என்று தெரிந்துதான் எழுதவில்லை. உன் பொம்மையைக் காப்பாற்றத்தான் செய்தேன், சத்தியம். ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் உன் நினைவே எனக்கு வரவில்லை. என் வேலையாகத்தான் அதைச் செய்தேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜோப்புக்குக்கூடத் தெரியாது. நவம்பரில் ட்விக் உன் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு பட்டறை நடுவில் நின்று, "இந்தக் கை யாரோட வேலை?" என்று கத்தினார் அல்லவா? லெவியைக் காப்பாற்ற நான் எழுந்தேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நல்ல பேர்தான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மை அதுவல்ல. இருபத்திரண்டு வருஷம் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், தம்பி. இது யார் வேலை என்று ஒருநாளும் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. கேள்வி காதில் விழுந்ததும் எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. வேலை போகும் என்று தெரிந்தே எழுந்து, கடைசி மேசைவரை கேட்கும்படி "என் வேலை" என்று சொன்னேன்.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது உன் கடிதம். நீ அதற்காக அழாதே. நான் அதற்குத்தான் உனக்கு நன்றி சொல்கிறேன்.

உன் அக்கா,
ஹெஸ்டர்